அந்த ஒரு வருஷம்

உலா இலக்கியம் நடத்தும்போது ஏழு பருவங்களையும் கரும்பலகையில் எழுதிப்போடுவது என் வழக்கம். பேதைக்கு 5 முதல் 7 வயது, பெதும்பைக்கு 8 முதல் 11, மங்கைக்கு 12, 13, மடந்தைக்கு 14 முதல் 19, அரிவைக்கு 20 முதல் 25, தெரிவைக்கு 26 முதல் 31, பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. அதற்கு மேல் பட்டியல் இல்லை. நாற்பதைத் தாண்டிய நான் பட்டியலுக்கு வெளியே சாக்பீஸோடு நின்றுகொண்டிருப்பேன்.

சில வருஷங்களுக்கு முன் முதலாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "மேடம், இதுல காலேஜ் போற வயசு எது?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. மடந்தை என்றேன். "அவ உலாவுல என்ன பண்ணுவா?" என்றாள். அரசனோ கடவுளோ வீதியில் பவனி வருவான். அவள் பார்ப்பாள், மெலிவாள், வளை கழலும். ஏறக்குறைய ஏழு பேருக்கும் அதுதான் வேலை. பேதைக்கு மட்டும் என்ன நடக்கிறதென்று புரியாது. ஆண்களுக்கும் பாட்டியல் நூல்கள் பருவம் பிரித்திருக்கின்றன: பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன். பெயரைக் கேட்டாலே பாதிப் பேர் கையில் வேல் இருப்பது தெரியும். மடந்தை என்ற சொல்லுக்குள் இருப்பதோ மடம். தெரிந்திருந்தும் தெரியாததுபோல் இருப்பது.

அன்று மணி அடித்ததும் வகுப்பு கலைந்துவிட்டது. கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. ஏனென்றால், காலேஜ் போகிற வயது எது என்று ஒரு பெண்ணுக்கு நான் ஏற்கனவே ஒருமுறை தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

2010 மே மாதம். நான் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. டெல்டா பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பள்ளித் தலைமையாசிரியை தன் மாணவியையும் அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். பிளஸ் டூவில் கணக்கில் 200க்கு 200. சான்றிதழ்படி பிறந்த தேதி ஜூன் முதல் வாரம், 17 நிறையப்போகிறது. எங்கள் ஊர்ப் பக்கங்களில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்தான். அது தலைமையாசிரியர்கள் கொடுத்த பிறந்தநாள். பிள்ளையின் வலது கை தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொட்டால் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள், தேதியை வாத்தியார் எழுதிக்கொள்வார். இவளுக்குக் கை எட்டவில்லையாம். அம்மா நடவுக்குப் போவதால் அண்ணனோடு பள்ளிக்கு வந்து ஒன்றாம் வகுப்பு வாசலில் உட்கார்ந்திருந்தவள், அவன் புத்தகத்தை வாசித்துக் காட்டியிருக்கிறாள். வாத்தியார் தேதியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி எழுதிக்கொண்டார். அம்மா ஒளிக்காமல் சொன்னார்: "நெசமா இவ ஆவணியில பொறந்தவங்க. பதினாறு இன்னும் ஆவலை."

சின்ன உருவம். ஜடையை மடித்துக் கட்டியிருந்தாள். சென்னையில் பெரிய கல்லூரி ஒன்றில் கணிதம் படிக்க வேண்டும் என்பது தலைமையாசிரியையின் ஆசை. எனக்கு அந்தக் கல்லூரி விடுதியில் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பதால் என்னிடம் வந்திருந்தார். நான் அவளைப் பார்த்தேன். இங்கிலீஷ் பேசுகிற பிள்ளைகளுக்கு நடுவே இவள் எப்படி நிற்பாள், சீனியர்கள் அழவைத்துவிடுவார்களே என்றெல்லாம் ஓடியது. "ஒரு வருஷம் கழிச்சு அனுப்பலாமே டீச்சர். உடம்பும் மனசும் கொஞ்சம் தேறட்டும்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். படித்தவர் சொல்கிறாரே என்று மூவரும் தலையாட்டினார்கள். அந்தப் பெண்ணிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஜூன் மாதம், சான்றிதழ்படி 18 நிறைந்த மறுவாரம், அவளுக்குக் கல்யாணம் நடந்தது. உண்மையில் 17கூட நிரம்பவில்லை. பள்ளியில் சேர்க்க வாத்தியார் தள்ளிப்போட்ட தேதி, தாலி கட்டும்போது சட்டத்துக்குக் காட்ட உதவியது. வீட்டில் சும்மா இருக்கிற பெண்ணைப் பார்த்து ஊர் கேட்கத் தொடங்கியதும் அப்பாவால் பொறுக்க முடியவில்லை என்று தலைமையாசிரியை போனில் சொன்னார். என்னைக் குறைசொல்லவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

"உடம்பு தேறட்டும்." அந்த வாக்கியம் என் வாய்க்குள் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். வரலாறு என் துறை அல்ல. ஆனால் அந்த வாக்கியத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. தேடிப் போனது என்னை முதலில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் விட்டது.

1873இல் பாஸ்டனில் எட்வர்ட் கிளார்க் என்ற மருத்துவர், ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தவர், பெண்கல்வியைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். உடலில் ஆற்றல் அளவானது. பெண்ணுக்குப் பருவம் எய்திய பின் வரும் சில ஆண்டுகள் கருப்பையும் அதைச் சார்ந்த உறுப்புகளும் உருவாகும் காலம். அப்போது ஆண்பிள்ளைகளைப் போல விடாமல் படித்தால் ரத்தம் மூளைக்குப் போய்விடும், அவள் நோயாளியாகவோ மலடியாகவோ ஆவாள். வாதத்தின் சாரம் இதுதான். சான்றுக்குச் சில பெண்களின் கதைகளை வைத்தார். அதில் முதன்மையானவள் 'மிஸ் டி'. 14 வயதில் வாஸர் கல்லூரியில் சேர்ந்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட கெட்டிக்காரி. கெட்டிக்காரப் பெண் சீக்கிரம் கல்லூரிக்குப் போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, நவீன மருத்துவத்தின் பெயரில் வந்த முதல் பேய்க்கதைகளில் இது ஒன்று. புத்தகம் திரும்பத் திரும்ப அச்சானது. பின்னாளில் பிரின் மார் பெண்கள் கல்லூரியின் தலைவரான கேரி தாமஸ், இளம்வயதில் அந்தப் புத்தகத்தின் நிழல் தங்களை எப்படி விரட்டியது என்று நினைவுகூர்ந்திருக்கிறார்.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. ஜூலியா வார்ட் ஹோவ் 1874இல் மறுப்புகளைத் தொகுத்து நூலாக்கினார். வாஸரின் உறைவிட மருத்துவர் அலைடா ஏவரி தன் கல்லூரியில் நடப்பது இது அல்ல என்று எழுதினார். எனக்கு மிகப் பிடித்த பதில் லண்டனிலிருந்து வந்தது. கிளார்க்கின் வாதத்தை அங்கே ஹென்றி மாட்ஸ்லி என்ற மருத்துவர் எடுத்து எழுத, எலிசபெத் காரெட் ஆண்டர்சன் அதே 1874இல் பதில் சொன்னார். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு மாதத்தில் எந்த நாளும் ஓய்வு இல்லையே, அவர்களைப் பற்றி எந்த மருத்துவரும் கவலைப்படவில்லையே என்பது அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று. இளம்பெண்களின் உடம்பைக் கெடுப்பது படிப்பு அல்ல, பள்ளி முடிந்து வீட்டில் அடைந்து கிடக்கும் சலிப்பு என்பது இன்னொன்று. இதைப் படித்தபோது அந்த அம்மாவின் கையை நினைத்துக்கொண்டேன். சேற்றில் நடவு நட்டு வெளிறிப்போன விரல்கள். அவர் எந்த வயதில் வயலில் இறங்கினார் என்று நான் கேட்கவில்லை. வயல் யாருடைய உடம்பும் தேறட்டும் என்று காத்திருந்ததில்லை.

1885இல் அமெரிக்கப் பட்டதாரிப் பெண்களின் சங்கம் தன் உறுப்பினர்களிடம் உடல்நலம் பற்றிக் கேள்வித்தாள் அனுப்பி, 705 பேரின் பதில்களை வெளியிட்டது. படித்ததனால் யாரும் பாழாகிவிடவில்லை என்று தெரிந்தது. இருந்தும் பேய் முழுதாகப் போகவில்லை. அதை ஆய்வுக்கூடத்துக்கு இழுத்துவந்து உட்கார வைக்க இன்னொரு பெண் வரவேண்டியிருந்தது. அவள் அடுத்த ஆண்டுதான் பிறந்தாள்.

இனி 1886, 1902 என்ற இரண்டு வருஷங்களை மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். 1886 மே மாதம் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் லீட்டா ஸ்டெட்டர் பிறந்தாள். அதே ஆண்டு ஜூலையில் புதுக்கோட்டையில் முத்துலட்சுமி. ஆகஸ்டில் மயிலாப்பூரில் சுப்பலட்சுமி. மூன்று மாதத்துக்குள் மூன்று பெண்குழந்தைகள், மூன்றும் சூட்டிகை.

லீட்டாவுக்கு மூன்று வயதில் அம்மா இறந்துபோனார். தாத்தா பாட்டி வளர்த்தார்கள். பிறகு அப்பாவும் சிற்றன்னையும் இருந்த வீட்டில் அவளுக்கு நிம்மதி இல்லை. கவிதை எழுதினாள். 1902இல், 16 வயதில், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். அவளுக்குக் கல்லூரி என்பது படிப்பு மட்டுமல்ல, வீட்டிலிருந்து வெளியேறும் வழியும்தான். பெண்களின் படிப்பு வயதைப் பேசும்போது இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அவள் எந்த வயதில் போகலாம் என்று கேட்கிறவர்கள், போகாவிட்டால் அவள் இருக்கப்போகும் இடம் எப்படிப்பட்டது என்று கேட்பதில்லை.

அதே 1902இல் முத்துலட்சுமி மெட்ரிகுலேஷன் தேறினார். பருவமடைந்ததும் அவர் பள்ளிக்குப் போவது நின்றுவிட்டது. பாடம் வீட்டுக்கு வந்தது. தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் தலைவராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். தந்தைக்கு மகளின் படிப்பில் பெருமை, தாய்க்கு மகளின் கல்யாணத்தில் கவலை. தாயை இதற்காக நான் குறைசொல்ல மாட்டேன். தன் குலத்துப் பெண்களுக்கு ஊர் என்ன வைத்திருக்கிறது என்று அறிந்த ஒரு தாய், மகளுக்கு ஒரு தாலிப் பாதுகாப்பைத் தேடியதில் பிழை காண்பது எளிது, நியாயமில்லை.

16 வயதில் மெட்ரிகுலேஷன் முடித்த பெண்ணுக்கு அடுத்து என்ன? புதுக்கோட்டையில் இருந்தது ஆண்கள் கல்லூரி. விண்ணப்பம் போட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. பெண் வந்தால் பையன்களின் ஒழுக்கம் கெடும் என்றார்கள், பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்றார்கள், ஓர் ஆசிரியர் ராஜினாமா செய்வேன் என்றார். தாயின் குலமும் பேச்சில் இழுக்கப்பட்டது. கடைசியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். முத்துலட்சுமி மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போனார். வகுப்பில் பையன்கள் பார்க்காதபடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

அவர் வயதைப் பற்றி, அவர் அறிவைப் பற்றி அந்த வாதங்களில் எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் பையன்களின் மனத்தைப் பற்றி. இங்கே கிளார்க் தேவைப்படவில்லை. அங்கே பெண்ணை நிறுத்தக் கருப்பையைக் காட்டினார்கள் என்றால், இங்கே மாப்பிள்ளையையும் பையன்களையும் காட்டினார்கள். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் முத்துலட்சுமி மருத்துவராக வெளியே வந்தார். உலாக் கணக்கில் சொன்னால், அரிவையாக உள்ளே போய்த் தெரிவையாக வந்தார். 

மூன்றாமவர் சுப்பலட்சுமி. நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே முதலிடம், அப்போது வயது ஒன்பது. இன்றைக்கென்றால் தொலைக்காட்சியில் காட்டுவோம். அன்றைக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். கொஞ்ச நாளில் கணவன் இறந்துபோனான். வழக்கப்படி மூலையில் உட்கார வைக்காமல் பெற்றோர் அவரைப் படிக்கவைத்தார்கள். 1911இல் மாநிலக் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்றபோது வயது 24.

இதே மாநிலக் கல்லூரிக்கு 1902இல் வந்து சேர்ந்த ஒரு பையனையும் இங்கே நிறுத்திப் பார்க்கவேண்டும். 1888 நவம்பரில் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவன், அப்பா கல்லூரி ஆசிரியர். 11 வயதில் மெட்ரிகுலேஷன். மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது 14 நிரம்பியதோ இல்லையோ என்ற வயது. 1904இல் இயற்பியலில் தங்கப் பதக்கத்தோடு பி.ஏ. நீ இந்த வகுப்பு மாணவனா என்று ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் அவனைக் கேட்டதாக ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. கேட்டாரே தவிர வெளியே அனுப்பவில்லை. சி.வி. ராமன். அவர் சீக்கிரம் கல்லூரிக்குப் போனது நமக்குப் பெருமைக் கதை. அந்த வயதில் அவருடைய எந்த உறுப்பு முழுதாக உருவாகவில்லை என்று எந்த மருத்துவரும் புத்தகம் எழுதவில்லை.

அவர் திறமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. 1933இல் பம்பாயில் பட்டம் பெற்ற கமலா பாக்வத், பின்னாளில் கமலா சோஹோனி, பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தபோது, அங்கே இயக்குநராக இருந்தவர் அதே ராமன். பெண் என்பதால் இடம் இல்லை என்றார். கமலா நேரில் வந்து விடாப்பிடியாக நின்ற பிறகு, ஒரு வருஷம் சோதனைக்காலம் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். ஆண் ஆய்வாளர்களின் கவனத்தை அவர் சிதறடிக்கக் கூடாது என்பதும் நிபந்தனைகளில் ஒன்று. புதுக்கோட்டைத் திரை அதற்குள் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது பாருங்கள். 14இல் கதவு திறக்கப்பட்ட ஒருவர், 20ஐக் கடந்த பட்டதாரியைப் பார்த்து ஒரு வருஷம் பொறு என்கிறார். இங்கும் ஒரு வருஷம். பெண்களிடமிருந்து சில்லறையாக எடுத்துக்கொள்ள வசதியான அளவுபோல.

நாட்டில் அப்போது 14 என்ற எண் பற்றிப் பெரிய விவாதமே நடந்துவிட்டிருந்தது. ஆனால் அது கல்லூரி பற்றியது அல்ல. மனைவியோடு உடலுறவு கொள்ளக் குறைந்தபட்ச வயதை 1860இன் தண்டனைச் சட்டம் 10 என்று வைத்திருந்தது. 1891இல் பெரிய கூச்சலுக்கிடையே அது 12 ஆனது. 1929இல் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியது. சென்னை சட்டமன்றத்தில் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்று நின்றவர் முத்துலட்சுமி. பிறகு 1949இல் 15, 1978இல் 18. பெண்பிள்ளையின் வயதைப் பற்றி இவ்வளவு காலம் சண்டையிட்ட சமூகம், அந்த வயதில் அவள் என்ன படித்துக்கொண்டிருக்கலாம் என்று மிகக் குறைவாகவே பேசியது. கல்யாண வயது ஒவ்வொரு படியாக ஏறியபோது, பள்ளிக்கும் தாலிக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டானது. நம் பாட்டிகள், அம்மாக்கள் படித்ததெல்லாம் அந்த இடைவெளியில்தான். ஒரு வருஷம் சும்மா இருக்கட்டும் என்று நான் சொன்னது அந்த இடைவெளியிலிருந்து வெட்டிக் கொடுத்த துண்டு.

சுப்பலட்சுமி இதை என்னைவிட நன்றாக அறிந்திருந்தார். பட்டம் பெற்றதும் எழும்பூர் வீட்டில் நான்கு இளம் விதவைகளை வைத்துக்கொண்டு தொடங்கினார். பிறகு கடற்கரை ஐஸ் ஹவுஸில் விதவைகளுக்கான விடுதி. சிறுமிகளோடு அவர் நிற்கவில்லை. பள்ளி வயது கடந்த விதவைகளுக்குச் சாரதா வித்யாலயம், 1942இல் மயிலாப்பூரில் வயதுவந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையம். 20 வயதில் அ, ஆ எழுதுகிறவளும் அவருக்கு மாணவிதான். இன்னொரு பக்கம் 1914இல் சென்னையில் 37 மாணவிகளோடு பெண்களுக்கான கல்லூரி தொடங்கியது, அதுதான் பின்னாளில் ராணி மேரி கல்லூரி. திரை தேவையில்லாத வகுப்பறை. முத்துலட்சுமிக்கு அது பத்து வருஷம் பிந்தி வந்தது.

லீட்டாவிடம் திரும்புவோம். பட்டம் பெற்று ஆசிரியையானார், நியூயார்க் போய் மணந்தார். அங்கே மணமான பெண்ணுக்குப் பள்ளியில் வேலை கிடையாது. வீட்டில் அடைந்து கிடந்த அந்தக் காலத்தின் சலிப்பில்தான் கொலம்பியாவில் உளவியல் படிக்கப் போனார். 1914இல் வெளியான அவர் ஆய்வு, 23 பெண்களையும் ஒப்பிட்டுப் பார்க்க 2 ஆண்களையும் தொடர்ந்து சோதித்தது. விரலால் தட்டும் வேகம், கை நடுக்கம், நிறங்களின் பெயர் சொல்லுதல், எதிர்ச்சொல் சொல்லுதல், தட்டச்சு பழகுதல். மாதவிடாய் நாட்களில் பெண்ணின் திறன் சரிகிறது என்பதற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. கிளார்க்குக்கு நாற்பது வருஷம் கழித்து ஒரு பெண் எண்களால் பதில் சொன்னார். அதற்கு இவ்வளவு காலம் ஆனது என்பதுதான் எனக்கு வியப்பு.

லீட்டா ஹாலிங்வொர்த் பிறகு தன் வாழ்நாள் முழுவதையும் மிகக் கூரிய அறிவுள்ள பிள்ளைகளைப் பற்றிய ஆய்வில் செலவிட்டார். அவரை முழுதாக நம் முன்னோடி என்று கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. அறிவு பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்று நம்பியவர், இனமேம்பாட்டு வாதத்தின் பக்கம் சாய்ந்தவர். நடவுக்காரியின் மகள் அவர் கணக்கில் எங்கே நிற்பாள் என்று தெரியாது. ஆனால் பிள்ளைகளை நேராகப் பார்த்த இடங்களில் அவர் சொன்னவை இன்றும் பயன்படும். அவர் 'ஈ' என்று குறிப்பிட்ட சிறுவன் 12 வயதில் கொலம்பியா கல்லூரியில் சேர்ந்தான். பாடம் அவனுக்குப் பாரமாக இல்லை. இத்தகைய பிள்ளைகளுக்குப் பெரும் துன்பம் தனிமை என்று ஹாலிங்வொர்த் கண்டார். பேச ஆள் இல்லை. பேசுகிற ஆளோடு விளையாட முடியாது, விளையாடுகிற ஆளோடு பேச முடியாது. அதனால் நியூயார்க்கின் ஸ்பெயர் பள்ளியில், வகுப்புகளைத் தாண்டவைத்துத் தனியாக அனுப்புவதைவிட, ஒத்த பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துப் பாடத்தை விரித்துப் பார்த்தார்.

சீக்கிரம் போவதும் எல்லாருக்கும் விடுதலை அல்ல என்பதற்கு ரூத் லாரன்ஸ் இருக்கிறார். 1983இல் 12 வயதில் ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஹியூஸ் கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்ந்தார். இரண்டே ஆண்டில் முதல் வகுப்பில் தேறினார். அப்பா எல்லா விரிவுரைக்கும் கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் ஒரே சைக்கிளில், முன்னும் பின்னும் மிதித்துக்கொண்டு போகும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். மகளுக்காக வேலையை விட்ட அப்பா என்றும் பார்க்கலாம். சக மாணவி ஒருத்தியும் பக்கத்தில் உட்கார முடியாத இருக்கை என்றும் பார்க்கலாம். ரூத் நல்ல கணித அறிஞர் ஆனார். தன் பிள்ளைகளை அப்படி விரட்டப்போவதில்லை என்று பின்னாளில் அவர் கருதியதாகச் செய்திகள் வந்தன.

அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1985இல், வர்ஜீனியாவில் மேரி பால்ட்வின் என்ற பெண்கள் கல்லூரி வேறொன்று செய்தது. 13, 14 வயதுக் கெட்டிக்காரப் பெண்களை ஒரு கூட்டமாகச் சேர்த்து, அவர்களுக்கென்று தனி விடுதியும் பார்த்துக்கொள்ளப் பெரியவர்களும் வைத்து, பாடத்துக்கு மட்டும் கல்லூரி வகுப்புக்கு அனுப்பியது. மாலையில் திரும்பி வந்தால் தன் வயதுத் தோழிகள். அதே 13 வயது, அதே கல்லூரிப் பாடம். ஆனால் ரூத்துக்குக் கிடைக்காத ஒன்று அங்கே படுக்கை விரித்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தது.

நம் நாட்டில் லக்னோவின் சுஷ்மா வர்மா. பத்தாம் வகுப்பை 7 வயதில் முடித்தவர். அப்பா கூலித் தொழிலாளி. மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார், மருத்துவக் கல்லூரிக்கு 17 வயது ஆகவேண்டும் என்ற விதி நின்றது. 2013இல், 13 வயதில், நுண்ணுயிரியல் முதுகலை வகுப்பில் சேர்ந்தார். அப்பா இருந்த கொஞ்ச நிலத்தை விற்றார். மருத்துவத்துக்கு 17 என்ற விதியை நான் எதிர்க்கவில்லை. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் நிலத்தை விற்ற அந்த அப்பாவையும் ஆக்ஸ்ஃபோர்டு அப்பாவையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை. நிலமில்லாதவர் வீட்டில் ஒரு பெண்ணின் வேகத்தைக் கொஞ்சம் குறைப்போம் என்று சொல்லக்கூட உபரி வேண்டும். ஒரு வருஷம் சும்மா இருக்கச் சாப்பாடு வேண்டும், ஊர்வாயை அடைக்கத் தைரியம் வேண்டும், வருஷம் முடிந்ததும் அந்தக் கதவு திறந்தே இருக்கும் என்ற உறுதி வேண்டும். 2010இல் நான் கொடுத்த ஆலோசனை இவை எல்லாம் உள்ள வீட்டுக்கானது.

அவள் இப்போது இரண்டு பிள்ளைகளின் அம்மா. தலைமையாசிரியை மூலம் எப்போதாவது செய்தி வரும். அஞ்சல்வழியில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்து, இரண்டாம் ஆண்டோடு நின்றதாகச் சொன்னார். ஊர்ப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாளாம். நேரில் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

போன மே மாதம் தலைமையாசிரியையிடமிருந்து மறுபடி போன். ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது, ஆனால் பிள்ளைகளை விடவில்லை. "இன்னொரு பொண்ணு இருக்கா மேடம். பதினாறு ஆக மூணு மாசம் இருக்கு. இது நெசமான வயசு, இப்பல்லாம் பெர்த் சர்டிபிகேட் வேணுமே." இயற்பியல் படிக்க வேண்டுமாம். வயதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. எந்தக் கல்லூரி, விடுதியில் இடம் இருக்கிறதா, அறையில் கூட யார் இருப்பார்கள், அவள் ஊர்ப் பக்கத்திலிருந்து வேறு பெண் யாராவது அங்கே படிக்கிறாளா, கட்டணம் எப்படி, வீட்டில் யார் அவள் பக்கம் என்று கேட்டுக்கொண்டே போனேன். சிலவற்றுக்கு அவரிடம் பதில் இருந்தது. பாட்டி அவள் பக்கம் என்றார். இரண்டாம் ஆண்டில் ஒரு பெண் இருக்கிறாள், அவள் அறையில் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். பிறகு போனை அந்தப் பெண்ணிடம் கொடுக்கச் சொன்னேன்.

"உனக்கு இந்த வருஷமே போகணுமா, இல்ல அடுத்த வருஷமாம்மா?"

"இந்த வருஷமே மேடம்." கொஞ்சம் நிறுத்தி, "அங்க லைப்ரரி எத்தனை மணி வரைக்கும் தொறந்திருக்கும்?" என்றாள்.

ஆறு மணி வரை திறந்திருக்கும். ஆனால் பெண்கள் விடுதிக் கதவை ஐந்தரைக்கே பூட்டிவிடுவார்கள் என்று சொல்லவேண்டியிருந்தது.